எங்கள் நாடு தலைமையேற்ற ஆண்டு

நான் குடியுரிமை பெற்ற நாடு ஐரோப்பாவின் வடக்கே இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதன் லண்டன் தூதரகத்தில்தான் இன்றைக்கும் வேலை செய்கிறேன். இளம் வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக அங்கே போனேன். அந்த மொழியைப் படித்தேன், கலியாணம் முடித்தேன், இரண்டு பிள்ளைகளைப் பெற்றேன். பிறகு எங்கள் ஆட்கள் பலரையும் போல, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், கோயிலும் சொந்தங்களும் பக்கத்தில் இருக்கட்டும் என்று லண்டனுக்கு மாறி வந்தோம். ஹவுன்ஸ்லோவில் வீடு. கணவருக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பகுதியில் ஷிப்ட் வேலை. அந்த மொழி தெரிந்த காரணத்தால் எனக்குத் தூதரகத்தின் கடவுச்சீட்டுக் கவுண்டரில் இடம் கிடைத்தது.

ஒரு டிசம்பர் காலையில் தூதுவர் எங்கள் எல்லாரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். தூதுவர் ஒரு பெண், ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். ஐரோப்பாவிலும் அதைச் சுற்றியும் உள்ள நாடுகள் தங்களுக்குள் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளவும், வந்த சண்டையை நிறுத்தப் பேசவும் என்று சேர்ந்து உண்டாக்கிய பாதுகாப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் தலைமை வருடத்துக்கு ஒரு நாடாகச் சுற்றி வரும். வருகிற ஜனவரியிலிருந்து எங்கள் முறை என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மனதுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. சண்டையால் ஓடிப்போன என்னை வைத்துக்கொண்ட நாடு, இப்போது சண்டைகளை நிறுத்துகிற கதிரையில் உட்காரப்போகிறது என்று நினைத்தேன்.

அன்று மத்தியானமே துணைத் தூதுவர் என் கவுண்டருக்கு வந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர், மரியாதையான மனிதர். கையில் அவருடைய போன் இருந்தது. அதில் ஒரு படம். போன மே மாதம் நகரத்தின் நடுவில் உள்ள சதுக்கத்தில், போரில் இறந்தவர்களையும் காணாமல் போனவர்களையும் நினைத்து எங்கள் ஆட்கள் கூடியபோது யாரோ எடுத்தது. அதில் நான் நெஞ்சோடு ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"கையில் இருப்பது உங்கள் தம்பியா?" என்று கேட்டார்.

"ஆம்" என்றேன்.

போரின் கடைசி மாதங்களில், சனத்தோடு சனமாக இராணுவப் பக்கம் போனவன். இராணுவத்தின் பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை. இதை அவருக்குச் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டுப் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நான் உங்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் மாட்டேன். ஆனால் இந்த ஒரு வருடம் நாம் தலைமை நாடு. நம் ஊழியர் ஒருவர் ஆர்ப்பாட்டத்தில் நின்றால் அது நாட்டின் கருத்து என்று ஆகிவிடும். வரும் மே மாதம் போகாமல் இருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன்."

"அது ஆர்ப்பாட்டமில்லை. நினைவு நாள்."

"உங்களுக்குத் தெரியும். இப்போது எனக்கும் தெரியும். படத்தைப் பார்க்கிறவருக்குத் தெரியாதே."

அவர் அதட்டியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார். "சரி" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் போன பிறகுதான், நான் எதற்குச் சரி சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

ஜனவரி பிறந்தது. எங்கள் நாடு தலைமையேற்ற செய்தி எங்கள் ஆட்களின் இணைய வானொலி ஒன்றில் வந்தது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி, நீங்கள் அந்த எம்பசியிலதானே வேலை? உங்கட நாடுதானாம் இப்ப தலைமை?"

"ஓம் அண்ணை. ஆனால் அது ஐரோப்பாக்காரருக்கான அமைப்பு. இலங்கை அதில இல்லை."

"அதெல்லாம் சும்மா சொல்லுறது. தலைமை எண்டால் தலைமைதானே. ஒரு வார்த்தை சொன்னால் கேளாமல் விடுவினமோ?"

அவருடைய அண்ணனின் காணி இன்னும் இராணுவ முகாமுக்குள் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஆசிரியை, பிறகு இயக்கத்தில் இருந்து போரில் இறந்த மாவீரர் ஒருவரின் தகப்பன், பிறகு கணவரின் வேலையிடத்து நண்பரின் மாமியார் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. என் கணவர் முதலில் பகிடி விட்டார். "எங்கட வீட்டில ஒரு வெளிநாட்டு அமைச்சர் இருக்கிறா. தேத்தண்ணி கேட்கவே பயமாக் கிடக்கு" என்பார். இரண்டு மாதத்தில் அவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏலாது எண்டு சொல்லுமன், நீர் ஏன் எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்?"

"ஏலாது எண்டுதான் சொல்லுறன். ஒருத்தரும் நம்புகினமில்லை."

உண்மையில் அதுதான் நடந்தது. என்னால் முடியாது என்பதை அவர்கள் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. நான் செய்ய விரும்பவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். வேலையில் நான் தமிழச்சி, வாய் திறக்கக் கூடாதவள். கோயிலில் நான் தலைமை நாட்டுக்காரி, வாய் திறந்தால் எல்லாம் நடத்தி வைக்கக்கூடியவள். இரண்டு இடத்திலும் என்னிடம் இல்லாத ஒன்றுக்காக என்னைப் பிடித்து வைத்திருந்தார்கள். மார்ச் மாதத்தோடு வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதை விட்டேன்.

ஒன்றுமே கேட்காமல் இருந்தவர், நாங்கள் அன்ரி என்று கூப்பிடுகிற அயலவர் மட்டும்தான். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, விதவையாகத் தனியே இருந்தவர். எழுபது வயது தாண்டியிருந்தது. நாங்கள் லண்டனுக்கு வந்த புதிதில் யாரையும் தெரியாத நேரத்தில், என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வந்து சோறு கொடுத்து வைத்திருந்தவர் அவர்தான். அவருடைய ஒரே மகனும் என் தம்பி போன அதே நாட்களில்தான் காணாமல் போனான். ஒவ்வொரு மே மாதமும் அந்தச் சதுக்கத்தில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம்.

அந்த மே மாதம் நான் வரவில்லை என்பதை அன்ரியிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு கிழமையாக யோசித்தேன். முதல் நாள் பின்னேரம் அவரே வந்து கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை.

"தம்பியின்ர படத்தைத் தா."

"அன்ரி, நான் நாளைக்கு…"

"தெரியும். உன்ர மனுசன் சொன்னவர். நீ வராட்டி அவனும் வரக்கூடாதெண்டு சட்டமோ? தா."

எடுத்துக் கொடுத்தேன். துணிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் வேலை நாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தூதரகத்தின் கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு, போனில் சத்தத்தை நிறுத்திவிட்டு, சதுக்கத்திலிருந்து போன நேரலையைப் பார்த்தேன். சுரங்க ரயிலில் போனால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய தூரம். குடைகளுக்கு நடுவில் அன்ரி தெரிந்தார். ஒரு கையில் தன் மகன். மற்றக் கையில் என் தம்பி. இரண்டு கையிலும் படம் இருந்ததால் அவரால் குடை பிடிக்க முடியவில்லை. மழை அவருடைய தலையில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் பின்னால் நின்று தன் குடையை அவர் பக்கம் சரித்தாள். நான் அழவில்லை. அழுதால் முகம் வீங்கும், கவுண்டரில் போய் இருக்க வேண்டும். முகத்தைக் கழுவிவிட்டுப் போய், ஒரு குழந்தையின் கடவுச்சீட்டுப் படத்தில் காது தெரியவில்லை, வேறு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அதன் தாய்க்கு விளங்கப்படுத்தினேன்.

கோடையில் தூதுவரோடு ஒருமுறை காரில் போக வேண்டி வந்தது. சிறையில் இருந்த எங்கள் நாட்டுக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனோம். திரும்பி வரும்போது அவர் மிகவும் களைத்துப்போயிருந்தார். தானாகவே பேசினார்.

"எல்லாரும் வாழ்த்துகிறார்கள். தலைமை என்றால் என்ன என்று தெரியுமா? எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்கிற சொல்லைத்தான் நான் சொல்லலாம். ஒரு நாடு மறுத்தால் அந்தச் சொல் போய்விடும். சாதாரண உறுப்பு நாடாக இருந்தபோது நாங்கள் எவ்வளவோ பேசினோம். இந்த வருடம்தான் மிகக் குறைவாகப் பேசியிருக்கிறோம்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு "அப்படியா" என்றேன். உள்ளுக்குள் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோயிலில் என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் இந்த மனிசியிடம்தான் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தார்கள். மனிசி என்னைவிட இறுக்கமாகக் கட்டுப்பட்டுக் கிடந்தார்.

செப்டம்பரில் தூதுவரின் இல்லத்தில் ஒரு விருந்து ஏற்பாடானது. மற்ற நாடுகளின் தூதுவர்கள் வருவார்கள். வேறு நாடுகளிலிருந்து வந்து எங்கள் நாட்டுக் குடிமக்களானவர்களின் சாப்பாடும் மேசையில் இருக்க வேண்டும் என்று துணைத் தூதுவர் விரும்பினார். என்னிடம் கேட்டார். ஹவுன்ஸ்லோவில் பிறந்தநாள், பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீடு எதுவென்றாலும் ரோல்ஸ், பற்றிஸ் என்று பொரித்த பலகாரங்களுக்கு அன்ரியிடம்தான் சொல்வார்கள். எனக்கு வேறு யாரையும் தெரியாது. ஆனாலும் அன்ரியிடம் கேட்கப் போகும்போது கால் பின்னுக்கு இழுத்தது.

"செய்யலாம். ஆனால் சூடாக் குடுக்கவேணும். நானும் வாறன்" என்றார்.

"அன்ரி, அங்க ஒண்டும் கதைக்கக்கூடாது. கதைச்சால் என்ர வேலை போயிடும்."

"நான் ஏன் கதைக்கிறன்? எனக்கு அவையின்ர பாசை தெரியுமோ? வாயே திறக்கமாட்டன், போ."

சொன்னபடியே இருந்தார். இல்லத்தின் சமையலறையில் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ரோல்ஸைப் பொரித்துப் பொரித்துத் தட்டில் அடுக்கினார். பரிமாற வந்த பிள்ளைகள் தட்டுகளைக் கொண்டு போவதும் வெறும் தட்டோடு திரும்புவதுமாக இருந்தார்கள். மண்டபத்தில் பேச்சுகள் முடிந்து கை தட்டுவது கேட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. பாத்திரங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் மிச்சம்.

அப்போது தூதுவர் சமையலறைக்குள் வந்தார். பின்னால் துணைத் தூதுவர். சமைத்தவருக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்றாராம். அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். தூதுவர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "அவருடைய பிள்ளைகளும் லண்டனில்தான் இருக்கிறார்களா என்று கேளுங்கள்" என்றார்.

யாரும் யாரிடமும் கேட்கிற கேள்விதான்.

"உங்கட பிள்ளையள் இஞ்ச லண்டனில இருக்கினமோ எண்டு கேட்கிறா" என்று தமிழில் சொன்னேன்.

அன்ரி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சொல்லட்டோ, பிள்ளை?"

துணைத் தூதுவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு வசனத்தில் ஏதோ இருக்கிறது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கதவோரத்தில் நிமிர்ந்து நின்றார். "இல்லை, ஒருத்தரும் இல்லை" என்று நானே ஒரு பதிலைச் சொல்லி முடித்திருக்கலாம். அது பொய்யும் இல்லை. பத்து மாதமாக நான் அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தேன், பொய்யும் இல்லாமல் உண்மையும் இல்லாமல்.

"சொல்லுங்கோ அன்ரி" என்றேன்.

அவர் சொன்னார். நான் ஒரு சொல் விடாமல் மாற்றிச் சொன்னேன். மகன் எப்படிப் போனான், யார் கண்டார்கள், எங்கெங்கே தேடினார் என்பதையெல்லாம் அவர் கட்டையாகவே சொல்லி முடித்தார். அவர் கேட்க வந்தது வேறு.

"எலும்பை எடுத்தால் தாயின்ர ரத்தத்தோட வைச்சுப் பாத்து ஆர் எண்டு கண்டுபிடிக்கலாமாம். ரீவியில சொன்னவை. போன வருசம் இந்தப் பிள்ளையின்ர அம்மா ஊரில செத்துப்போனா. அவவோட அந்த ரத்தமும் போயிட்டுது. எனக்கும் சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. நான் ஒருத்தரையும் தண்டிக்கச் சொல்லிக் கேட்கேல்லை. என்ர ரத்தத்தை எங்கையாவது வைச்சிருப்பினமோ? எப்பவாவது அவனை எடுத்தால் பாக்கட்டும். அதுதான்."

இப்படிச் சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை ஒதுக்கி, எண்ணெய் தெறித்த தன் இடது கையைத் தூதுவர் முன்னால் நீட்டினார், ஆசுபத்திரியில் நேர்சுக்கு நீட்டுவதைப் போல.

என் தாயைப் பற்றிய இடத்தில் பாதி வசனத்தோடு நின்றேன். தொடக்கத்திலிருந்து திரும்பச் சொன்னேன். அன்ரி இத்தனை நாளாக மனதில் வைத்திருந்தது இதுதான் என்று எனக்கும் அந்த நிமிடம்தான் தெரிந்தது.

தூதுவர் அந்தக் கையை விடவில்லை. "இளம் வயதில் போர் முடிந்த ஒரு நாட்டில் வேலை செய்தேன். அங்கே இன்றைக்கும் தாய்மாரிடம் இரத்த மாதிரி எடுத்து வைத்திருக்கிறார்கள். இன்னமும் தேடுகிறார்கள் என்று சொல்லுங்கள்" என்றார். பிறகு, "தலைமை நாடாக இதில் என்னால் எதுவும் செய்ய முடியாது. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். அன்ரி தலையாட்டினார்.

"ஏலாதெண்டு நேராச் சொன்ன முதல் ஆள் இவதான்" என்றார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த கிழமை துணைத் தூதுவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அன்றைக்கு அங்கே மொழிபெயர்ப்பது என்னுடைய வேலை அல்ல என்றார். விருந்தினர் யாரும் அந்த நேரம் சமையலறைக்குள் வராதது நல்லகாலம் என்றார். வருடம் முடியும் வரைக்கும் கவுண்டரை விட்டுக் கீழே பழைய கோப்புகள் இருக்கிற அறையில் வேலை செய்யச் சொன்னார். ஜன்னல் இல்லாத அறை. தண்டனை என்று அவர் சொல்லவில்லை, ஒழுங்குபடுத்த ஆள் தேவை என்றுதான் சொன்னார். வேலையை விட்டுவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன். "விட்டுப்போட்டு எங்க போகப்போறீர்? உந்தப் பாசைக்கு லண்டனில வேற ஆர் வேலை தரப்போறான்?" என்றார். அவர் சொன்னது சரி. அந்த மொழியைப் படிக்கத் தொடங்கிய காலத்தில் அதை ஒரு கதவு என்று நினைத்திருந்தேன்.

தூதுவர் மட்டும் ஒருநாள் அந்த அறைக்கு இறங்கி வந்தார். முன்பு வேலை செய்த நாட்டில் தனக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்திருக்கிறார். அவர்கள் தங்கள் நாட்டு ஆட்களின் மாதிரியை மட்டும்தான் எடுப்பார்களாம். ஆனால் இரத்தம்கூடத் தேவையில்லை, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தால் போதும், லண்டனிலேயே தனியார் ஆய்வுகூடங்கள் அதைச் செய்து விவரத்தை வைத்திருக்கும் என்று சொன்னார். அது நாட்டின் தலைமைக்கும் அமைப்புக்கும் சம்பந்தமில்லாத, ஒரு மனிசி இன்னொரு மனிசிக்குச் சொன்ன செய்தி. சொல்லிவிட்டு, அலுமாரித் தட்டுகளில் இருந்த பழைய கோப்புகளைச் சும்மா இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே போக அவருக்கும் மனமில்லை என்று தோன்றியது.

கணவர் இணையத்தில் தேடிப் பதிந்தார். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆய்வுகூடம் அனுப்பிய பெட்டி எங்கள் சமையலறை மேசையில் இருந்தது. அன்ரி குளித்து, விபூதி பூசி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். குச்சியைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"ரத்தம் எடுக்கிறேல்லையோ?"

"இல்லை அன்ரி. வாயை ஆவெண்டு திறவுங்கோ, கன்னத்துக்குள்ள தேய்க்கிறன்."

"துப்பலோ? அவனை நான் ரத்தத்தால பெத்தனான், துப்பலால இல்லை."

"எல்லாத்திலயும் ஒண்டுதான் இருக்காம் அன்ரி."

கணவரையும் ஒருமுறை பார்த்தார். அவரும் தலையாட்டினார். அரை மனதோடு வாயைத் திறந்தார். அவருடைய வாய்க்குள் பல் மிகக் குறைவாக இருந்தது. குச்சியை மெல்லச் சுழற்றினேன். எனக்கும் ஒன்று எடுத்தேன். தாயளவுக்குச் சகோதரியின் மாதிரி உதவாது என்று வாசித்திருந்தேன். என் தம்பிக்கு இனி நான் மட்டும்தான். இரண்டையும் உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது அன்ரி கேட்டார்.

"இதைத் தேடி ஆராவது வருவினமோ?"

"தெரியாது, அன்ரி."

"சரி. இருக்கட்டும்."

டிசம்பரில் தலைமை கைமாறியது. கூட்ட அறையின் திரையில், வேறொரு நகரத்தில் எங்கள் அமைச்சர் அடுத்த நாட்டு அமைச்சரிடம் தலைமையை ஒப்படைத்துக் கை குலுக்குவதைப் பார்த்தோம். கேக் வெட்டினார்கள். துணைத் தூதுவர் ஒரு துண்டை என்னிடம் கொண்டு வந்து தந்தார். "இனி நாம் சாதாரண ஆட்கள். மே மாதம் நீங்கள் தாராளமாகப் போகலாம்" என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார். நன்றி சொல்லி வாங்கினேன். என் தம்பிக்காக நிற்க எனக்கு ஒருவர் அனுமதி தருவதும், அதற்கு நான் நன்றி சொல்வதும் கேக்கை விழுங்கிய பிறகுதான் நெஞ்சில் நின்றது.

ஜனவரியில் திரும்பவும் கவுண்டருக்கு வந்தேன். தூதுவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். போன் அடிப்பது நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் திரும்பவும் கோயிலுக்குப் போகத் தொடங்கினேன்; அங்கே என்னை யாரும் சுற்றிக்கொள்வதில்லை. ஆரம்பத்தில் என்னிடம் வந்த, அண்ணனின் காணி முகாமுக்குள் இருக்கிறது என்ற அந்த மனிதரை ஒரு வெள்ளிக்கிழமை பிரசாத வரிசையில் கண்டேன். அவர் பக்கத்தில் நின்றவரிடம், இந்த வருடம் தலைமை எந்த நாட்டுக்கு, அந்த நாட்டுத் தூதரகத்தில் எங்கள் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்து, தள்ளி நின்று எனக்கு வரிசையில் இடம் விட்டார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.